முறுக்கின தண்டு

புதன்கிழமை. மண்டபத்தின் வடகடல் வெறிச்சென்று கிடக்கிறது. பாக் விரிகுடாவில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. கடலுக்குப் போக டோக்கன் வாங்கிய படகுகளெல்லாம் காலையிலேயே கிளம்பிவிட்டன. கிளம்ப முடியாத ஒன்று மட்டும் கரையில் ஏறி நிற்கிறது. முன்முனையான அணியம் ஊரைப் பார்க்க, பின்முனையான அமரம் கடலைப் பார்க்க, இரண்டு பக்கமும் பனந்தடி முட்டு. ஆடிக் காற்று தெற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்து அதன் மேல் இறைக்கிறது.

படகின் அடிப்பாகத்துக்கு அடித்திருந்த சிவப்புப் பெயிண்ட் இன்னும் புதுசு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில்தான் எல்லாப் படகும் கரையேறும், பலகை மாற்றும், பெயிண்ட் பூசும். இதுவும் அப்படித்தான் இறங்கியிருக்கிறது. இறங்கிச் சில வாரத்துக்குள் மறுபடி கரையில்.

படகின் சொந்தக்காரரான சம்மாட்டி செல்போனைக் காதில் வைத்தபடி நீளவாக்கில் நடக்கிறார். டிரைவர், முப்பது வயது இருக்கலாம், அணியத்துப் பக்கம் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். அமரத்துப் பக்கம் வரவே இல்லை. கூட வந்த இரண்டு பேர் வலையை இழுத்துப் பிரிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு, நடந்ததைத் தங்களுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார்கள். கவிழ்த்துப் போட்ட வத்தையின் மேல் உட்கார்ந்திருக்கும் என்னை யாரும் கவனிக்கவில்லை.

அவர்கள் பேச்சிலிருந்து தெரிவது இதுதான். செவ்வாய் அதிகாலை, இருட்டோடு திரும்பி வரும்போது, தனுஷ்கோடிக்குக் கிழக்கே ஒரு தீடையின், அதாவது மணல்திட்டின், ஓரத்தில் படகு தரைதட்டியிருக்கிறது. ஜிபிஎஸ்ஸில் இருந்தது தடைக்காலத்துக்கு முன் ஓடிய பழைய வழி. தீடை அப்படி ஓரிடத்தில் இருக்கிற பொருளல்ல. சோளகக் காற்றும் நீவாடு என்னும் நீரோட்டமும் ஒரு பருவத்தில் மணலை ஒரு பக்கம் தள்ளும், வாடை வந்தால் மறுபக்கம் தள்ளும். ஏப்ரலில் ஆழமாக இருந்த இடம் ஜூலையில் மேடு. இன்னொரு படகு வந்து கயிறு போட்டு இழுத்திருக்கிறது. ஓடு உடையவில்லை. ஆனால் வீல் மக்கர் பண்ணுகிறது.

மேஸ்திரி டிவிஎஸ் மொபெட்டில் வந்து இறங்குகிறார். பின்னால் ஒரு பையன், மடியில் மரப்பெட்டி. மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முன்கையில் வெல்டிங் பொறி சுட்ட வெள்ளைப் புள்ளிகள். காதில் செருகிய சாக்குக் கட்டி. பெட்டியைத் திறக்கவில்லை. படகை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். சுக்கானுக்கு முன்னால் நின்று, தொடாமல், பார்க்கிறார். பிறகு ஏணியைப் பிடித்து மேலே ஏறுகிறார்.

“தம்பி, நீ ஏறி வா. வீலை நீதான் பிடிக்கணும்.”

டிரைவர் எழுந்து வருகிறார். வீலின் ஒரு ஆரத்தில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறது. அந்தத் துணி உச்சியில் நின்றால் சுக்கான் நடுவில் நிற்கிறதென்று அர்த்தம். இருட்டில் கையால் தடவியே தெரிந்துகொள்ளலாம். இடப்பக்கம் சுற்றச் சொல்கிறார். மூன்று சுற்றுப் போய் நிற்கிறது. வலப்பக்கம் ஒன்றரைச் சுற்றிலேயே இறுகிக்கொள்கிறது.

“வரும்போது எந்தப் பக்கம் இழுத்துச்சு?”

“வலப்பக்கம், மேஸ்திரி. கயிறு கட்டி இழுத்து வரும்போதும் ஒதுங்கி ஒதுங்கிப் போச்சு. நான் இடப்பக்கம் பிடிச்சுக்கிட்டே வந்தேன்.”

“துணி உச்சியில இருக்கும்போதே?”

“ஆமா.”

மேஸ்திரி தலையை ஆட்டுகிறார். அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்த மாதிரிப் படகில் திருப்புகிற ஏற்பாடு எளிமையானது. வீலின் பின்னால் பல்சக்கரம், அதில் செயின், செயினின் இரு முனையிலும் இரும்பு வயர், வயர் இரு பக்க ஓரமாகவும் கப்பிகளில் ஓடி அமரத்துக்குப் போய், சுக்கான் தண்டின் தலையில் பூட்டியிருக்கும் இரும்புக் கையை இழுக்கும். கை தண்டைத் திருப்பும். தண்டு தளத்தையும் ஓட்டையும் துளைத்து இறங்கித் தகட்டைத் திருப்பும். தகட்டின் அடிமுனையை, படகின் அடிமரமான ஏராக்கட்டையிலிருந்து பின்னே நீளும் ஒரு இரும்புத் தாங்கி ஏந்தியிருக்கும். கோளாறு இத்தனை இடத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். வீலில் கை வைப்பவனுக்கு எல்லாம் ஒரே இறுக்கமாகத்தான் தெரியும்.

மேஸ்திரி இந்தத் தொடரை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார். பையன் அமரத்தில் இறங்கி இரும்புக் கையிலிருந்து இரண்டு வயரையும் கழற்றுகிறான். இப்போது வீலும் சுக்கானும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. வீலைச் சுற்றச் சொல்கிறார். இரண்டு பக்கமும் சரசரவென்று ஓடுகிறது. ஒரு கப்பியின் ஆணி மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதை விரலால் ஆட்டிப் பார்த்து, சாக்கால் ஒரு கோடு போடுகிறார். “இது சில்லறை. சீக்கு இங்க இல்ல.”

இரும்புக் கையை அவரே பிடித்துத் தள்ளுகிறார். இடப்பக்கம் முனகிக்கொண்டே போகிறது. வலப்பக்கம் பாதியில் நிற்கிறது. பையன் கீழே போய்ச் சுக்கான் அருகில் உட்காருகிறான். மேலேயிருந்து மேஸ்திரி திருப்பத் திருப்ப, கீழேயிருந்து பையன் அளவு சொல்கிறான். தகட்டின் மேல்விளிம்புக்கும் ஓட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி.

“நடுவுல ஒரு வெரக்கட.”

“இடப்பக்கம்?”

“ரெண்டு வெரக்கட வருது.”

“வலப்பக்கம்?”

“ஒட்டிருச்சு. பெயிண்ட்டச் சுரண்டுது.”

தண்டு நேராக இருந்தால் தகடு எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இடைவெளி மாறாது. மாறுகிறதென்றால் தண்டு வளைந்திருக்கிறது. சம்மாட்டி போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கிட்டே வருகிறார். “வளைஞ்சிருச்சா மேஸ்திரி? நிமித்திரலாம்ல?”

“பொறுங்க சம்மாட்டி.”

கையைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறார். கீழே இறங்கி, ஏராக்கட்டையின் நேரே ஒரு நூலைப் பிடித்து, பின்பக்கம் தகட்டுக்கு அப்பால் வரைக்கும் இழுக்கச் சொல்கிறார். மேலே கை நடுவில் நிற்கும்போது கீழே தகடும் நூலோடு ஒன்றி நிற்க வேண்டும். நிற்கவில்லை. பின்விளிம்பு நூலைவிட்டு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்கிறது. துணி உச்சியில் இருந்தும் படகு வலப்பக்கம் இழுத்ததற்குக் காரணம் அங்கே கண்ணுக்கெதிரே நிற்கிறது.

இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. கையும் தண்டும் வழுக்காமல் இருக்க இடையில் ஒரு சின்ன இரும்புச் சாவி அடித்திருப்பார்கள். அது அறுந்து கை நகர்ந்திருக்கலாம். அப்படியென்றால் செலவு சொற்பம். சம்மாட்டி அதைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார். பையன் நட்டைக் கழற்றிக் கையை உருவுகிறான். சாவி அதன் பள்ளத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு முனைகூட மழுங்கவில்லை. மிஞ்சுவது இரண்டாவது விளக்கம்: தண்டே முறுக்கிக்கொண்டிருக்கிறது.

மேஸ்திரி இப்போதுதான் தகட்டின் முன் மண்டியிட்டு உட்காருகிறார். முன்விளிம்பைத் தடவுகிறார். தடைக்காலத்தில் அடித்த பெயிண்ட் அப்படியே பளபளக்கிறது. பின்விளிம்புக்கு விரல் போகிறது. அங்கே பெயிண்ட்டே இல்லை. கீழ்ப்பாதி முழுக்க மணல் உரசி வெள்ளை இரும்பு தெரிகிறது. ஏணியில் ஏறி, கை அளவுக்கு மீறித் திரும்பாமல் இருக்கத் தளத்தில் வைத்திருக்கும் தடுப்பு இரும்புகளைப் பார்க்கிறார். இடப்பக்கத்துத் தடுப்பு நேராக நிற்கிறது. வலப்பக்கத்தது வெளிப்பக்கமாகச் சாய்ந்து, வெல்டிங் வாய் பிளந்திருக்கிறது.

முன்னால் போகும்போது மணலில் ஏறினால் அடி முதலில் ஏராவுக்கு. சுக்கான் அதன் நிழலில் கடைசியாக வருகிறது. பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. மணலில் உட்கார்ந்த பிறகு பதறிப்போய் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டு முழு வேகம் கொடுத்தால்தான் வம்பு. அப்போது சுக்கானின் பின்விளிம்பு முன்னணியாகிறது. அது மணலைக் குத்தும். குத்திய தகடு ஒரு பக்கமாக வீசி எறியப்படும். வீல் கையைப் பிடுங்கிக்கொண்டு சுழலும். தடுப்பு தாங்காது, தண்டு முறுக்கும். அலை ஒவ்வொரு முறையும் அமரத்தைத் தூக்கிப் போடும்போது வளைவு கூடும்.

பெயிண்ட் போன விளிம்பு, பிளந்த தடுப்பு, முறுக்கிய தண்டு. மூன்றும் சொல்வது ஒன்றே. மேஸ்திரி எழுந்து, முழங்கால் மணலைத் தட்டிவிட்டு, டிரைவரைப் பார்க்கிறார். டிரைவர் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திக்கொள்கிறார். அங்கே வீக்கம்.

சம்மாட்டி கேட்டுவிடுகிறார். “எப்படி மேஸ்திரி இப்படி ஆச்சு? சும்மா மணல்லதான ஏறுச்சு?”

“மணல்னா லேசா? கிழக்க மணல் சிமிண்டு மாதிரிக் கெட்டி.” அதோடு முடித்துக்கொண்டு பையனிடம் ஸ்பானர் கேட்கிறார்.

பாக் விரிகுடாவில் தரைதட்டியவனுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பெரிய ஏற்றவற்றம் காணும் குஜராத்துக் கரைபோல இங்கே கடல் பல மீட்டர் ஏறி வந்து படகைத் தூக்கிவிடாது. ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. காத்திருந்தால் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை மனத்தில் நிற்பதில்லை. காற்றோ மேலும் மேலும் மேட்டுக்குத் தள்ளுகிறது. கை தானாகக் கியருக்குப் போகும். அதைப் புரிந்துகொள்ள மேஸ்திரியாக இருக்க வேண்டியதில்லை.

மதியத்துக்குள் சுக்கான் இறங்குகிறது. அடித்தாங்கியின் போல்ட்டுகளைக் கழற்றி, மணலில் ஒரு குழி தோண்டி, தகட்டைத் தண்டோடு குழிக்குள் இறக்கி, சாய்த்து வெளியே எடுக்கிறார்கள். நான்கு பேர் தூக்குகிற கனம். இரண்டு மரக்கட்டையில் வி வடிவப் பள்ளம் செதுக்கி, தண்டை அதில் கிடத்தி உருட்டுகிறார்கள். மேஸ்திரி சாக்குக் கட்டியை அசையாமல் கிட்டே பிடித்திருக்கிறார். தண்டு மேடான இடத்தில் மட்டும் சாக்கை உரசிக் கோடு வாங்கிக்கொள்கிறது. கோட்டுக்கும் தண்டுக்கும் அளவு பார்த்து, “மூணு நூல்” என்கிறார். பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஒரு இஞ்சு.

“மூணு நூல்தானே! சூடு காட்டி நிமித்துங்க. சனிக்கிழமை டோக்கன் போட்டுரலாம்.” சம்மாட்டியின் குரலில் தெம்பு வந்துவிட்டது. ஏற்கனவே ஒரு புதன் போய்விட்டது.

மேஸ்திரி பதில் சொல்லாமல் ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, தண்டும் தகடும் சேர்கிற கழுத்தில் சுற்றி வைக்கிறார். பீடி ஒன்று முடிகிற நேரம் கழித்துத் துணியை எடுத்து, ஈரம் போக அழுத்தித் துடைக்கிறார். சாக்கைப் பொடித்து அந்த இடத்தில் பூசுகிறார். வெள்ளையாக இருக்கிறது. எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். மெல்ல, வெள்ளையின் நடுவே, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கறுத்த ஈரக்கோடு வளைந்து நீள்கிறது. மண்ணெண்ணெய் புகுந்த இடத்திலிருந்து திரும்பி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே இருக்கிறது.

“வளைஞ்சதை நிமித்தலாம் சம்மாட்டி. முறுக்கினதை நம்ப முடியாது. கீறல் விழுந்ததைக் கட்டிக்கிட்டுக் கடலுக்குப் போக முடியாது. பாம்பன் வாய்க்காலுக்குள்ள போகும்போது அத்துப் போச்சுன்னா என்ன செய்வீங்க?”

கிழக்கே, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குக் கோபுரங்கள் வெயிலில் தெரிகின்றன. 2013 ஜனவரியில் ஒரு பெரிய மிதவைக் கலம் கட்டுப்பாடு இழந்து வந்து 1914-இல் திறந்த பழைய பாலத்தின் தூணில் மோதியது. கரையில் நிற்கிற யாருக்கும் அதை நினைவூட்ட வேண்டியதில்லை. சம்மாட்டி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, “சரி, புதுசே போடுங்க” என்கிறார். உடனே, “போடுறதுதான் போடுறீங்க, கொஞ்சம் மொத்தமாப் போட்டுருங்க. ரெண்டே கால் இஞ்சு.”

“இது ரெண்டு இஞ்சு. ரெண்டே போதும்.”

“கால் இஞ்சுக்கு என்ன கஞ்சத்தனம்?”

இங்கே மேஸ்திரி முதல்முறையாக நீளமாகப் பேசுகிறார். கால் இஞ்சு கூட்டினால் தண்டு தாங்கும் முறுக்கு கால் பங்கு அல்ல, நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடும். தண்டு மசியாது. மசியாத தண்டு மணலில் மாட்டினால் அந்த வேகம் முழுக்கத் தண்டு நுழையும் குழாய்க்குப் போகும். குழாய் ஓட்டைப் பிளக்கும். “இப்ப தண்டு வளைஞ்சுது, படகு கரைக்கு வந்துருச்சு. தண்டு வளையாம அடிப்பலகை வாயைத் தொறந்திருந்தா, இந்த நேரம் நீங்க படகைத் தேடிக்கிட்டு இருப்பீங்க. ஏதோ ஒண்ணு விட்டுக்கொடுக்கணும். அது சுக்கானா இருக்கட்டும்.”

சம்மாட்டி பேசவில்லை. தண்டின் அளவுகளைச் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு பையன் லேத்துப் பட்டறைக்குக் கிளம்புகிறான்.

காத்திருக்கும் நேரத்தில் மேஸ்திரி மற்றதைப் பார்க்கிறார். சுக்கான் அடிபட்ட படகில் புரொப்பல்லரைப் பார்க்காமல் விடக் கூடாது. ஓட்டில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் முனை இலையின் நுனியைத் தொடுகிறாற்போல நிறுத்தி, கையால் சுற்றுகிறார். ஒவ்வொரு இலையும் அதே இடத்தில் தொட்டுப் போக வேண்டும். ஒன்று மட்டும் விலகிப் போகிறது. இலை நுனி சுருண்டிருக்கிறது, ஷாஃப்ட் நேர்தான். இலையைத் தட்டி எடுத்துவிடலாம். அடித்தாங்கி ஒரு நூல் மேலே ஏறியிருக்கிறது. அதை ஜாக்கி வைத்துக் கீழே தள்ளுகிறார். அதிலிருக்கும் கன்மெட்டல் புஷ் ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு போடுகிறார்.

வெள்ளிக்கிழமை புதிய தண்டு வந்து, தகட்டோடு சேர்ந்து, குழி வழியே மேலேறுகிறது. சாவிப் பள்ளமும் தகடும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் கடைசி வெல்டிங். தண்டு ஓட்டுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் ஏறாமல் இருக்கக் கிரீஸில் ஊறிய பேக்கிங் கயிறு. சுருளாக அப்படியே திணிப்பவர்கள் உண்டு. இவர் துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு வளையமாக, முனைகளைச் சாய்வாக வெட்டி அடுக்குகிறார். ஒரு வளையத்தின் வெட்டுவாய்க்கு நேர் மேலே அடுத்ததன் வெட்டுவாய் வராமல் மாற்றி மாற்றி வைக்கிறார். நட்டைக் கையால் இறுக்குகிறார். பையன் ஸ்பானரை எடுக்க, “வேணாம். இறுக்குனா வீல் கனக்கும். ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் ஒரு கால் சுத்து.”

வலப்பக்கத் தடுப்பைப் புதிதாக வைக்கும்போது கோணம் பார்க்கிறார். நடுவிலிருந்து இரு பக்கமும் முப்பத்தைந்து பாகை. அதற்கு மேல் திரும்பினால் தகடு படகைத் திருப்பாது. தண்ணீரைத் தடுத்து வேகத்தை மட்டும் தின்னும். வயரை மாட்டி, செயினின் தளர்வை விரலால் அழுத்திப் பார்த்து, துணி உச்சிக்கு வரும்படி பல்சக்கரத்தில் ஒரு பல் தள்ளிப் பூட்டுகிறார். இடப்பக்கம் மூன்று சுற்று. வலப்பக்கம் மூன்று சுற்று.

படகு மாலையில் தண்ணீரில் இறங்குகிறது. மேஸ்திரி வீலைத் தொடவில்லை. “தம்பி, நீ ஓட்டு. நான் பின்னால இருக்கேன்.” கரையிலிருந்து பார்க்கையில் படகு எட்டுப் போடுகிறது. இடம், வலம், மறுபடி இடம். பிறகு நிற்கிறது. மெல்லப் பின்னோக்கி வருகிறது. ஒருமுறை அல்ல, நின்று, மறுபடி பின்னோக்கி. வீலை இரு கையாலும் நடுவில் இறுக்கிப் பிடித்தபடி டிரைவர் திரும்பித் திரும்பி அமரத்தைப் பார்ப்பது தெரிகிறது. மேஸ்திரி அவர் பக்கத்தில் வந்து நின்று, விரல் விட்டு ஏதோ எண்ணிச் சொல்கிறார்.

இறங்கி வரும்போதும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. “...மொதல்ல கியரை எடுத்துரு. உள்ள தண்ணி ஏறுதான்னு பாரு. கம்பைப் போட்டுச் சுத்திலும் ஆழம் பாரு. ஐஸைக் கொட்டு, பாரத்தை ஆழம் இருக்கிற பக்கம் நகத்து. நங்கூரத்தைப் பின்னால கொண்டு போய்ப் போட்டு வின்ச்சுல இழு. பின்னுக்கு எடுக்கிறது கடைசி. எடுத்தாலும் சுக்கான் நடுவுல கட்டிக் கெடக்கணும்.” டிரைவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறார். பின்னால் வரும் சம்மாட்டியின் காதிலும் அது விழுகிறது. மூன்று நாளாக அவருக்குக் கிடைக்காத பதில் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அவர் நடையைச் சற்றுத் தளர்த்தி, டிரைவரின் மணிக்கட்டைப் பார்க்கிறார்.

மொபெட்டின் சீட்டில் வைத்து மேஸ்திரி கணக்கு எழுதுகிறார். தண்டு, லேத்துக் கூலி, புஷ், பேக்கிங், தடுப்பு, கப்பி ஆணி, வெல்டிங், ஆள் கூலி. கடைசியாக ஒரு வரி சேர்க்கிறார்.

“இது என்ன?” என்கிறார் சம்மாட்டி.

“ஒரு நீளக் குழாய். தண்டுத் தலையில மாட்டிக் கையால திருப்பலாம். செயினோ வயரோ அறுந்தா அதை வச்சு வீடு வந்து சேரலாம்.”

“இத்தனை வருசம் அது இல்லாமத்தான ஓட்டுனோம்.”

“அதை நான் குடுத்துர்றேன் மேஸ்திரி,” என்கிறார் டிரைவர். “என் பேர்ல எழுதுங்க.”

மேஸ்திரியின் பென்சில் தாளின் மேல் நிற்கிறது. சம்மாட்டி கணக்குத் தாளை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைக்கிறார்.

“உன் பங்குல மாசம் மாசம் கொஞ்சமாக் கழிச்சுக்கிறேன். காலையில டோக்கன் வாங்க நீயே போ. அந்த ஜிபிஎஸ்ல இருக்கிற பழைய வழியை இப்பவே அழி.”